புகை விடும் பழைய ஸ்பிளெண்டர்: இன்ஜினை இறக்கும் முன்

கேள்வி: 2010 மாடல் ஸ்பிளெண்டர் பிளஸ் ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு வருடம் கீற்றுக் கொட்டகையில் சும்மா நின்ற வண்டி. மீட்டர் 41,000 கி.மீ. காட்டுகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் நீலப் புகை, மேடு ஏறத் திணறுகிறது. "இன்ஜின் போச்சு, ஃபுல்லா இறக்கணும்" என்கிறார் மெக்கானிக். ரிங் மட்டும் மாற்றினால் போதாதா?

பதில்: முதலில் அந்த 41,000-ஐ மறந்துவிடுங்கள். மீட்டர் கேபிள் அறுந்தே நாலைந்து வருடம் ஓடிய வண்டிகளை நிறையப் பார்த்தாயிற்று. கிக்கர் ரப்பரும் ஃபுட்ரெஸ்ட்டும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். வண்டியின் வயது அங்கேதான் தெரியும்.

புகையும் திணறலும் ஒரே நோயாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தேய்ந்த கிளட்ச் பிளேட், பிடித்துக்கொண்ட பின் பிரேக், தூசி அடைத்த ஏர் ஃபில்டர், பழைய பெட்ரோல் பிசினாக உறைந்து அடைத்த கார்புரேட்டர் ஜெட் என்று எதுவானாலும் மேட்டில் வண்டி இழுக்காது. இதையெல்லாம் சரிபார்க்க ஒரு மதியம் போதும். மேட்டில் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் அது கிளட்ச்தான்.

புகைக்கு வருவோம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து பிறகு நின்றுவிட்டால், வால்வு ஆயில் சீல் மீது சந்தேகப்படலாம். நெடுநாள் நின்ற வண்டியில் அந்த ரப்பர் இறுகிப்போகும். ஹெட்டை (வால்வுகள் இருக்கும் இன்ஜின் தலைப்பகுதி) கழற்றி அதை மாற்றலாம், பிஸ்டனைத் தொட வேண்டியதில்லை. நீங்கள் சொல்வதுபோல முறுக்கும்போதெல்லாம் புகை வந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும், பிஸ்டன் ஓடும் குழாயான போரும்தான் முதல் சந்தேகம். அதற்கும் முன்னால் ஆயில் அளவைப் பாருங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆயில் குச்சியைத் திருகாமல் சும்மா நுழைத்து எடுக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலும் புகை வரும். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால், கார்புரேட்டரின் ஃப்ளோட் ஊசி சரியாக அடைக்காமல் பெட்ரோல் உள்ளே இறங்கியிருக்கலாம். அப்படியானால் ஊசியையும் ஆயிலையும் மாற்றிவிட்டுப் புகையை மறுபடி பாருங்கள்.

அதற்கும் அடங்கவில்லையா? கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கருவி) வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள். ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்து ஏழெட்டு முறை உதைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி உதையுங்கள். அளவு நன்றாக ஏறினால் கசிவு ரிங் பக்கம். ஏறவே இல்லையென்றால் வால்வு பக்கம். பத்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் "ஃபுல்லா இறக்கணும்" என்று சொல்பவரிடம் வண்டியை விட எனக்கு மனம் வராது.

ரிங் பக்கம் என்று தெரிந்தால், போர் இருக்கும் பாகமான பிளாக்கைக் கழற்றியே ஆக வேண்டும். ரிங் மட்டும் போதுமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் அளவுதான் சொல்லும், கண் சொல்லாது. போர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. மேலே ரிங் நின்று திரும்பும் இடத்தில் அதிகமாகவும், கீழே குறைவாகவும் தேயும். அதனால் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாகப் போர் டயல் கேஜில் அளக்கச் சொல்லுங்கள். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் கோடு இருந்தாலோ, பிஸ்டனுக்கும் போருக்கும் இடைவெளி 0.10 மி.மீ.யைத் தாண்டியிருந்தாலோ ரிங்கை மட்டும் மாற்றுவது வீண். முட்டை வடிவமாகிப்போன போரில் புது ரிங் சரியாக உட்காராது. சில மாதத்தில் அதே புகை திரும்பி வரும்.

ஸ்பிளெண்டரின் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5 மி.மீ. தேய்ந்த போரைக் கடைந்து பெரிதாக்கி (இதைத்தான் 'போர் போடுவது' என்பார்கள்) அதில் போடும் ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50 மி.மீ. என்று படிப்படியாகக் கிடைக்கும். முதல் படி போட்டால் 97.2 சி.சி. என்பது 98 சி.சி.யைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். போர் போட்டால் வண்டி பறக்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். லேத்துக்கு பிளாக்கை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் சேர்த்துக் கொடுங்கள். அந்தப் பிஸ்டனை அளந்துதான் போர் போட வேண்டும். பிறகு ஹோனிங் (சாணைக்கல்லால் மெல்லத் தேய்ப்பது) செய்து குறுக்குக் கோடு விழ வேண்டும், ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான். வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி கறுத்தால் மறுபடி கழுவுங்கள். ஹோனிங் பொடி உள்ளே தங்கினால் புது ரிங்கை அதுவே அரைத்துவிடும். பிஸ்டன் பின் கிளிப்பைப் புதிதாகப் போடுங்கள். மாட்டும்போது கிராங்க் கேஸ் வாயில் துணியை அடைத்துவிடுங்கள். ஒரு முறை கிளிப் உள்ளே விழுந்து ராத்திரி பதினோரு மணி வரை காந்தக் குச்சியோடு உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

பிளாக் வெளியே இருக்கும்போதே, பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழலும் அச்சோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து, அதன் நீளவாக்கில் இழுத்தும் தள்ளியும் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக அசையலாம், நீளவாக்கில் ஆட்டமே இருக்கக் கூடாது. இருந்தால் கிராங்க்கை இறக்கி, பிரஸ்ஸில் வைத்து ராட் கிட் மாற்ற வேண்டும். அப்போது மெக்கானிக் சொன்னது சரியாகிவிடும். செலவும் வண்டி விலையை நெருங்கத் தொடங்கும். வேலையில் கை வைக்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள். தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருடம், அதற்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும். 2010 வண்டிக்கு அந்தத் தவணை 2025-லேயே முடிந்துவிட்டது. புதுப்பிக்காத வண்டியில் பணத்தைக் கொட்டாதீர்கள். பழைய இரும்புக் கடை இன்ஜினை வாங்கி மாட்டும் யோசனை வந்தால், எண் மாறுவதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பலரும் விட்டுவிடும் ஒன்று: வலது பக்க கிளட்ச் கவருக்குள் ஒரு ஆயில் சல்லடையும், கிராங்க்கோடு சுற்றும் ஃபில்டர் கிண்ணமும் உண்டு. இந்த வண்டியில் காகித ஃபில்டர் கிடையாது. ஆயில் மட்டும் மாற்றி ஓட்டிய வண்டியில் கிண்ணம் நிறையச் சகதி இருக்கும். பிளாக்கைப் புதிதாக்கிவிட்டு அதை அப்படியே விட்டால், ஹெட்டுக்குப் போதிய ஆயில் ஏறாமல், வால்வைத் திறக்கும் கேமும் ராக்கரும் தேயும்.

ஆயில் விஷயத்தில் கார் ஆயில் வேண்டாம். இதே ஆயிலில்தான் கிளட்ச்சும் நனைகிறது, வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. (JASO MA, ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கான தரக் குறி) என்று போட்டிருக்க வேண்டும். இன்ஜினை மாட்டிய பிறகு முதல் 500 கி.மீ. வரை மணிக்கு 45 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல், ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டாமல், கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். டபுள்ஸ் வேண்டாம், டாப் கியரில் மேட்டில் முக்க விடவும் வேண்டாம். 500-ல் ஆயிலை வடித்துவிடுங்கள். அது கொஞ்சம் மினுமினுக்கும், பயப்படாதீர்கள். விரலில் துகள் தட்டுப்பட்டால் மட்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போங்கள்.