முதல் பிறந்தநாள்: ஹாலுக்கு முன்னால் தூக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் மகனுக்கு அடுத்த மாதம் ஒரு வயது முடிகிறது. சொந்தபந்தம் எல்லோரையும் கூப்பிட வேண்டும் என்கிறார் மாமியார். கணக்குப் போட்டால் 120 பேர் வருகிறது. மாலை 7 மணிக்கு ஒரு ஹால் பார்த்திருக்கிறோம், முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. அவனோ 8 மணிக்கெல்லாம் தூங்கிவிடுவான். புது ஆள் கை நீட்டினாலே அழுகிறான். எப்படித் திட்டமிடுவது?

பதில்: முன்பணம் கொடுக்கவில்லை என்கிறீர்களே, அதுவே பாதி நிம்மதி. நேரத்தை மாற்ற இன்னும் வழி இருக்கிறது.

7 மணி விழா என்றால் ஆட்கள் ஏழரைக்கு மேல்தான் வந்து சேர்வார்கள். "சித்தப்பா கிளம்பிட்டாராம், பத்து நிமிஷம்" என்று கேக் எட்டே காலுக்குப் போய்விடும். நான் ஏற்பாடு செய்த ஒரு விழாவில் அப்படித்தான் ஆனது. பிறந்தநாள் குழந்தை அப்பாவின் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தூக்கத்திலேயே அதன் கையில் கத்தியைப் பிடிக்க வைத்துக் கேக் வெட்டினார்கள். திடுக்கிட்டு விழித்த குழந்தை, எதிரே எரியும் மெழுகுவர்த்தியையும் கைதட்டும் கூட்டத்தையும் பார்த்து வீறிட்டு அழுதது. ஆல்பம் முழுக்க அந்த அழுகைதான். குழந்தை எப்போது தூங்கும் என்று முன்பே கேட்காதது என் தவறு.

இப்போதெல்லாம் பெற்றோரிடம் நான் பட்ஜெட்டைக் கேட்பதற்கு முன் தூக்க நேரத்தைக் கேட்டுவிடுகிறேன். ஒரு வயதில் பகலில் ஒரு தூக்கமோ இரண்டோ இருக்கும். எழுந்தபின் பெரும்பாலான குழந்தைகள் மூன்று, நான்கு மணி நேரம் தாக்குப்பிடிப்பார்கள். அதிலும் கடைசி ஒரு மணி நேரம் சிணுங்கலில் போய்விடும். ஒரு வாரம் அவன் தூங்குவதையும் எழுவதையும் குறித்து வையுங்கள். மதியம் 1 முதல் 3 வரை தூங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். 4 மணிக்கு விழா, நாலரைக்கு கேக், 6 மணிக்கு முடிவு. அழைப்பிதழில் முடியும் நேரத்தையும் போட்டுவிடுங்கள். யார் வராவிட்டாலும் நாலரைக்கு கேக் வெட்டியாக வேண்டும். இதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்.

பிறந்த தேதி வேலை நாளில் வந்தால் வார இறுதிக்குத் தள்ளலாம், அவனுக்குத் தேதி தெரியப்போவதில்லை. தள்ளும்போது தடுப்பூசி அட்டையையும் ஒரு பார்வை பாருங்கள். இந்த வயதையொட்டித் தட்டம்மை தடுப்பூசி வருவதாக இருந்தால், அதனால் வரும் காய்ச்சல் பெரும்பாலும் அன்றே வராது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரலாம். அதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். விழாவை நகர்த்துங்கள்.

சரி, 120 பேர். மாமியாரிடம் "வேண்டாம்" என்று சொல்லிச் சண்டையை வளர்க்காதீர்கள். நெருங்கிய இருபது, இருபத்தைந்து பேரோடு கேக் மாலையில் நடக்கட்டும். பெரிய கூட்டத்துக்கு விருந்தை இரவில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் அவன் முதல் அரை மணி நேரம் தலைகாட்டினால் போதும். அப்புறம் அவனை வீட்டுக்கோ பக்கத்து அறைக்கோ தூக்கிப் போக, அவனுக்குப் பழகிய ஒருவரை முன்பே பேசி வையுங்கள். அந்த அறையில் மங்கலான விளக்கும் அவனுடைய வழக்கமான போர்வையும் மாற்றுத் துணியும் இருக்கட்டும்.

புது முகத்தைக் கண்டு அழுவது வளர்ப்பின் குறை இல்லை. எட்டு, ஒன்பது மாதத்தில் தொடங்கி ஒரு வயதைத் தாண்டியும் தொடரும் இயல்பான பயம் அது. யாரும் கை நீட்டி வாங்க வேண்டாம். அவன் உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும், பேச வருபவர்கள் முதலில் உங்களோடு பேசட்டும். பார்த்துப் பழகிவிட்டால் அவனே எட்டிப் பார்ப்பான். "என்ன, அழுமூஞ்சியா இருக்கான்" என்று சொல்லும் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. சிரித்துவிட்டு நகருங்கள்.

நல்ல படங்களை விருந்தினர் வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். புது உடையை ஒரு நாள் முன்னதாகப் போட்டுப் பாருங்கள். ஜரிகை கழுத்தில் குத்தினால் எந்த கேமராவும் அவனைச் சிரிக்க வைக்காது.

அலங்காரத்தில் எனக்குப் பெரிய கருத்து இல்லை, எந்தத் தீம் வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் ரப்பர் பலூன் அவன் கைக்கு எட்டக் கூடாது. வெடித்த துண்டு வாய்க்குள் போனால் மூச்சுக்குழாயை மூடிபோல ஒட்டி அடைத்துவிடும், எடுப்பது மிகக் கடினம். பாட்டுப் பாடும் மெழுகுவர்த்தி, மின்னும் தொப்பி போன்றவற்றில் பொத்தான் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடலாம். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வண்ணக் காகிதம் தூவும் பாப்பரும் வேண்டாம். தவழும் பிள்ளைக்குத் தரையில் கிடப்பதெல்லாம் தின்பண்டம்தான்.

கேக்கில் அவனுக்கென்று சின்னதாக ஒன்று தனியாக இருக்கட்டும். இரண்டு வயது வரை சேர்த்த சர்க்கரை தேவையே இல்லை. மசித்த பழத்தின் இனிப்பே போதும், மேலே க்ரீம் இல்லாவிட்டால் அவன் கேட்கப்போவதில்லை. முட்டையோ நிலக்கடலையோ இதுவரை சாப்பிட்டதே இல்லை என்றால் விழா அன்று தொடங்காதீர்கள். உடம்பில் தடிப்பு வந்தால் எதனால் வந்தது என்று அந்தக் கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியாது. "ஒரு வாய்தானே" என்று யாராவது முழுத் திராட்சையோ முந்திரியோ பாப்கார்னோ மிட்டாயோ ஊட்டிவிடுவார்கள், இவை எல்லாமே தொண்டையில் அடைப்பவை. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் கொடுக்க வேண்டும். இதைக் கவனிக்கும் பொறுப்பை மாமியாரிடமே ஒப்படையுங்கள். "பாட்டி கையால் மட்டும்தான் சாப்பிடுவான்" என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் ஊட்ட வரமாட்டார்கள், அவருக்கும் விழாவில் முக்கியமான இடம் கிடைத்துவிடும்.

இவ்வளவு செய்தும் நாலரைக்கு அவன் தூங்கிப்போனால் எழுப்பாதீர்கள். பெரிய கேக்கை வெட்டி வந்தவர்களுக்குக் கொடுங்கள். அவனுடைய சின்ன கேக்கை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை எழுந்ததும் அவன் முன்னால் வையுங்கள்.