பால் கொடுக்கும் வரை கரு தங்காதா?

கேள்வி: எனக்கு வயது 26. சுகப்பிரசவம், குழந்தைக்கு ஐந்து மாதம். தாய்ப்பால்தான், ராத்திரி மட்டும் புட்டிப்பால். இன்னும் மாதவிலக்கு வரவில்லை. பால் கொடுக்கும் வரை கரு தங்காது என்கிறார் மாமியார். அடுத்த குழந்தை மூன்று வருடம் கழித்துப் போதும். ஹீமோகுளோபின் 9. முன்பிருந்தே மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம். எந்தக் கருத்தடை முறை எனக்கு ஒத்துவரும்?

பதில்: மாமியார் சொல்வதில் பாதி சரி. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், மாதவிலக்கு திரும்பாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால் நூற்றில் 98 பேருக்குக் கரு தங்காது. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். ராத்திரி புட்டிப்பால் வந்ததுமே அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மாதவிலக்கு வரட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். முதல் மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வெளியாகலாம். "தீட்டே வரலையே டாக்டர்" என்றபடி கர்ப்பத்தோடு வருபவர்கள் உண்டு.

மூன்று வருட இடைவெளி என்றால் பொதுவாக நான் சொல்வது கருப்பைக்குள் வைக்கும் சாதனமான காப்பர்-டி. ஐந்து வருடத்துக்கும் இருக்கிறது, பத்து வருடத்துக்கும் இருக்கிறது. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், எடுத்த பிறகு கரு தங்கத் தாமதமாகாது. ஆனால் முதல் சில மாதங்களில் ரத்தப்போக்கும் வயிற்றுவலியும் கூடும். 9 ஹீமோகுளோபினில் அது வேண்டாமே. 11-ஐத் தாண்டட்டும், அப்புறம் பார்க்கலாம்.

இப்போதைக்கு என் தேர்வு சாயா மாத்திரை. ஹார்மோன் இல்லாதது, தாய்ப்பாலைப் பாதிக்காது, லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் கண்டுபிடிப்பு. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதாவது ஞாயிறு ஒன்று, புதன் ஒன்று. பிறகு ஞாயிறு மட்டும். மாத்திரை போடும் நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். தினமும் போடாத மாத்திரைதான் எளிதில் மறந்துபோகும். சினைப்பை நீர்க்கட்டியோ கல்லீரல் கோளாறோ இருந்தால் இது கூடாது.

மாலா-டி போன்ற தினசரிக் கருத்தடை மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இருக்கிறது, பால் குறையலாம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் முன் தொடவேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி பாலைக் குறைக்காது. ஆனால் நிறுத்தியபின் கரு தங்க ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். அதையும் கணக்கில் வையுங்கள்.

சாயா, அந்தரா, காப்பர்-டி மூன்றும் அரசு மருத்துவமனையில் இலவசம். மாத்திரை தொடங்கும் முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்து கர்ப்பமில்லை என்று உறுதிப்படுத்துங்கள். முதல் மாதம் கணவர் ஆணுறையும் பயன்படுத்தட்டும். இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடுங்கள், டீ காபியோடு மட்டும் வேண்டாம்.