கானமேளா மேடையைப் படமெடுக்கும் மகளுக்கு இன்ஜினியரிங் சீட் வாங்கலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், மதிப்பெண் சுமார். குவைத்தில் இருக்கும் சித்தப்பா, "மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் போடுங்க, முதல் வருஷப் பணம் நான் தாரேன்" என்கிறார். மகளோ கோயில் கொடை, சர்ச் திருவிழா என்று எங்கே கானமேளா (இசைக்குழுவோடு மேடையில் பாடும் பாட்டுக் கச்சேரி) நடந்தாலும் தெரிந்த ஸ்டூடியோவில் கேமரா இரவல் வாங்கிக்கொண்டு மேடை முன்னால் போய் நிற்கிறாள். "இதெல்லாம் ஒரு வேலையா? பொம்பளப் பிள்ளைய எப்படி அனுப்புறது?" என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் நேராகச் சொல்லிவிடுகிறேன்: அந்த சீட்டை வாங்காதீர்கள். சித்தப்பா தருவது முதல் வருடத்துக்கு மட்டும். மீதி மூன்று வருடக் கட்டணம், ஹாஸ்டல், பஸ், பரீட்சைக் கட்டணம் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். கல்விக் கடன் எடுத்தால் பெற்றோரும் கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டும்; பிள்ளை பாதியில் நின்றாலும் வட்டி நிற்காது. கணக்கென்றாலே ஒதுங்கும் பிள்ளை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவளை அரியர்மேல் அரியர் வைக்க அனுப்பிவிட்டு, "படிக்கவைத்தோம்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள நான்கு வருடம் செலவழிப்பது சரியில்லை. சித்தப்பாவுக்கு நன்றி சொல்லுங்கள். முடிவு உங்கள் வீட்டில் எடுக்கப்படட்டும்.

விஸ்காம், தரமணி அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம், கல்யாண ஸ்டூடியோ வேலை இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, விட்டுவிடுவோம். நான் சொல்வது வேறு. நாகர்கோவில் பக்கத்திலேயே வீட்டிலிருந்து போய்வரக்கூடிய ஒரு கலைக் கல்லூரியில் அவளுக்குப் பிடித்த பட்டப்படிப்பு. கூடவே மேடைக் கலைஞர்களைப் படமெடுப்பதை ஒரு தொழிலாக முறையாகக் கற்பது.

இந்த மாவட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. டிசம்பர் 3-இல் முடியும் கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் கோயில் திருவிழா, மாசியில் மண்டைக்காடு கொடை, அதன்பின் ஊர் ஊராகக் கொடை விழாக்கள். கானமேளா, செண்டை அடித்து ஆடும் சிங்காரி மேளம், நாதஸ்வரம், வில்லுப்பாட்டு, கிறிஸ்துமஸ் இசை இரவு. திருவனந்தபுரமும் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். பெரும்பாலான மேடைகளில் வரும் போட்டோகிராபர் குத்துவிளக்கு ஏற்றுவதையும் பொன்னாடை போர்த்துவதையும் ஃப்ளாஷ் அடித்து எடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார். பாடகரிடமும் கீபோர்டுக்காரரிடமும் போஸ்டருக்குப் போட ஒரு நல்ல படம்கூட இருப்பதில்லை. உங்கள் மகளுக்கான இடம் அங்கேதான்.

ஃப்ளாஷ் அடித்தால் மேடையின் நிறமே போய்விடும், கலைஞருக்கும் கண் கூசும். ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்கத் தெரிந்திருப்பதுதான் இதில் திறமை. இப்போது மேடைகளில் எரிவது பெரும்பாலும் எல்.இ.டி. பார் விளக்குகள். பாடகர்மேல் நீலம் மட்டும் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான கேமரா சென்சாரில் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்ற கணக்கு. நீல வெளிச்சம் மட்டும் வந்தால் ஏறக்குறைய கால்வாசிப் புள்ளிகள்தான் வேலை செய்யும். அதனால்தான் முகத்தில் நுணுக்கம் போய், மெழுகுப் பொம்மை மாதிரி வழவழவென்று ஆகிறது. கேமரா காட்டும் பொது ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) நீலத்துக்குப் பங்கு மிகக் குறைவு என்பதால், நீலம் அளவு மீறி நுணுக்கம் அழிந்து போயிருந்தாலும் "எல்லாம் சரி" என்றே காட்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமை அவள் திறந்து வைக்க வேண்டும். எந்த நிறம் வலது ஓரத்தில் முட்டுகிறதோ, அது விலகும்வரை அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) என்று வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும்.

தொடங்குவதற்கு ஓர் அமைப்பு: மேனுவல் மோட் (எல்லாவற்றையும் கையால் அமைப்பது), லென்ஸ் திறப்பு எஃப் 2 அல்லது 2.8, ஷட்டர் வேகம் 1/200 நொடி, வெளிச்ச உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 3200. இருட்டு மேடை என்றால் 6400 வரை போகலாம். படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான நொய்ஸைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், அசைந்துபோன முகத்தைத் திருத்த முடியாது. டிரம்ஸ், செண்டைக்கு 1/500 வேண்டும். தவிலில் வலது கை விரல்களில் கூடு, இடது கையில் கழி; கழியின் வீச்சைக் காட்ட வேண்டுமென்றே 1/60-க்கு இறக்கி, முகம் அசையாத நொடியில் எடுக்கலாம். ஒயிட் பேலன்ஸை (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பு) ஆட்டோவில் விடக்கூடாது. விளக்கு மாறும்போதெல்லாம் அது தடுமாறும். 4000 கெல்வின் பக்கம் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாமல் தரும் மூலக் கோப்பு) எடுத்தால் பிறகு சரிசெய்யலாம். ஆனால் ஒற்றை நிறம் மட்டும் விழுந்த படத்தில் எந்த ஒயிட் பேலன்ஸும் இயல்பான தோல் நிறத்தைக் கொண்டுவராது, அந்தத் தகவலே படத்தில் இல்லை. சிவப்பு விளக்கில் எடுத்ததை, சிவப்பு நிறத் தகவலை மட்டும் வைத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் அழகான படம் கிடைக்கும். நீலம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் எடிட்டிங்கில் நீலத்தின் செறிவைக் குறைத்தால் தணியும்.

இன்னொரு தொல்லை, படத்தில் குறுக்கே விழும் பட்டைகள். எல்.இ.டி.யின் வெளிச்சத்தைக் குறைக்க அதைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து அணைத்து எரிக்கிறார்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் அது பட்டை பட்டையாகப் பதியும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற வேண்டும், பின்னால் எல்.இ.டி. திரை இருந்தால் 1/100 வரை இறங்கிப் பார்க்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய விளக்குகளுக்கும் 1/50, 1/100 பொருந்தும். லேசர் போட்டால் கேமராவைத் திருப்பிவிடச் சொல்லுங்கள். லேசர்க் கற்றை நேரே லென்சுக்குள் விழுந்தால் சென்சாரில் நிரந்தரப் புள்ளி விழுந்துவிடும்.

நிற்கும் இடமும் முக்கியம். நேர் எதிரே நின்றால் மைக் வாயை மறைக்கும். பாடகர் மைக் பிடிக்காத கைப்பக்கம் சற்றே சாய்ந்து நிற்க வேண்டும். நாதஸ்வரத்தைப் பக்கவாட்டில் எடுத்தால்தான் வாயில் வைத்து ஊதும் சீவாளியும் உப்பிய கன்னமும் தெரியும். முதல் இரண்டு பாட்டுக்கு எடுக்காமல், விளக்குக்காரர் எந்த இடத்தில் வெள்ளை போடுகிறார் என்று பார்க்கட்டும். பல்லவி திரும்பும்போது அதே விளக்கு திரும்பி வர வாய்ப்பு அதிகம். விளக்கு கன்சோலில் உட்கார்ந்திருப்பவரிடம் நிகழ்ச்சிக்கு முன்னால் போய், "சோலோ வரும்போது முன்பக்கம் கொஞ்சம் வார்ம் லைட் தாங்க அண்ணா" என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது.

செலவில் நான் கண்டிப்பாக இருப்பேன். மொத்தம் ஒரு லட்சம் ரூபாய். அதற்குமேல் ஒரு பைசா வேண்டாம். ஷட்டர் கவுண்ட் (இதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற கணக்கு) பார்த்து வாங்கிய பழைய ஃபுல் ஃப்ரேம் பாடி (பெரிய சென்சார் கொண்ட கேமரா), 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ், முடிந்தால் பழைய 85 எம்.எம்., இரண்டு கார்டு, இரண்டு பேட்டரி. நகையை அடகு வைத்துப் புது மிரர்லெஸ் கேமரா வாங்கும் யோசனை வேண்டாம். சென்னையில் சில மாதத்துக்கு லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் போட்டோகிராபி டிப்ளமோவும் வேண்டாம், அவர்கள் ஸ்டூடியோவில் இந்த மேடை கிடையாது. சிலிக்கா ஜெல்லும் ஈரப்பத மானியும் போட்ட காற்றுப் புகாத டப்பா ஒன்று அவசியம். நம் கடற்கரைக் காற்றிலும் இரண்டு மழைக்காலத்திலும் லென்சில் பூஞ்சை வரும். ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் இருந்தால் போதும். காது அடைப்பானும் வாங்குங்கள். 100 டெசிபல் சத்தத்தில் 15 நிமிடத்துக்குமேல் பாதுகாப்பில்லை, ஸ்பீக்கர் பக்கத்தில் அவள் மூன்று மணி நேரம் நிற்பாள். இரண்டாம் வருடம் வேலை வரத் தொடங்கினால், மத்திய அரசின் சிறுதொழில் கடனான முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் கேட்கலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.

வருமானம் விழாக் கமிட்டியிடமிருந்து மட்டும் வராது. இசைக்குழுவிடமும், சவுண்ட் மற்றும் லைட் வாடகைக்கு விடுபவர்களிடமும் கேட்க வேண்டும், அவர்களுக்கும் தங்கள் வேலையைக் காட்டப் படம் வேண்டும். ஒரு பக்கத்திலாவது எழுதி வாங்க வேண்டும்: எத்தனை படம், எந்தத் தேதிக்குள், முன்பணம் எவ்வளவு, படத்தின் உரிமை யாருக்கு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். இது தெரியாமல் எடுப்பவர்கள்தான் அதிகம்.

இரவு வேலை பற்றிய உங்கள் கவலைக்கு விதி போடுங்கள், தடை போடாதீர்கள். முதல் வருடம் வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போகட்டும். கமிட்டிப் பொறுப்பாளரின் எண் உங்களிடம் இருக்க வேண்டும். திரும்பி வரும் வண்டி முன்கூட்டியே பேசி வைத்ததாக இருக்க வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத கமிட்டியின் வேலையை விட்டுவிடலாம்.

ஆசையா, உண்மையான நாட்டமா என்பதை ஒரு திருவிழா சீசனில் பார்த்துவிடலாம். எடுக்கும் இரவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மேடை முன்னால் நிற்பது யாருக்கும் பிடிக்கும். மறுநாளைப் பாருங்கள். 600 படத்தை யாரும் சொல்லாமலே உட்கார்ந்து 30 ஆகக் குறைக்கிறாளா? ஏன் இந்தப் படம் ஆடிவிட்டது என்று தானே கண்டுபிடித்து அடுத்த மேடையில் ஷட்டரை மாற்றுகிறாளா? சொன்ன தேதியில் படத்தை அனுப்புகிறாளா? மூன்றும் நடந்தால் அவள் வழியில் விடுங்கள். நடக்காவிட்டால் கேமராவை விற்றால் பாதிக்குமேல் பணம் திரும்பும், கல்லூரிப் படிப்பும் தடைபடாமல் நடந்துகொண்டிருக்கும்.