இருபதாயிரம் ரூபாய்க்கு மேட் பாக்ஸா, ஃபில்டரா?

கேள்வி: என்னிடம் சோனி எஃப்எக்ஸ்30 கேமரா இருக்கிறது. லென்ஸ்கள்: சிக்மா 18-50 எஃப்/2.8, சிக்மா 56 எஃப்/1.4, அப்பா வைத்திருந்த பழைய நிக்கான் 50 எம்எம். ஏப்ரலில் குதிரைமொழித் தேரியில் (செம்மணல் மேடு) ஒரு குறும்படம் எடுக்கிறோம். பெரும்பாலும் பகல் காட்சிகள். மேட் பாக்ஸ், ஃபில்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ரூ.20,000 ஒதுக்கியிருக்கிறேன். 4×5.65 அங்குல அளவில் மலிவாக எதை வாங்கலாம்? ஒரு வேரியபிள் என்டி (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர், திருப்பினால் அளவு மாறும்) மட்டும் போதும் என்கிறார் நண்பர். (வாசகர், திருச்செந்தூர்)

மேட் பாக்ஸை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பணம் முழுக்க ஃபில்டர் கண்ணாடிக்கே போகட்டும். நண்பர் சொல்வது பாதி சரி. சரியில்லாத பாதிதான் தேரியில் உங்களைப் படுத்தும்.

மேட் பாக்ஸ் என்பது லென்ஸுக்கு முன்னால் மாட்டும் பெட்டி. அதற்கு இரண்டு வேலை. ஃபில்டரைப் பிடித்துக்கொள்ளும், லென்ஸில் வெயில் விழாமல் மறைக்கும். ஃபிலிமில் இரட்டை வேடம் எடுத்த காலத்தில் காட்சியின் பாதியை மறைக்கும் அட்டையைச் செருகவும் பயன்பட்டது. அந்த வேலை எப்போதோ கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. மிச்சமிருக்கும் இரண்டையும் இதைவிடக் குறைந்த செலவில் செய்துவிடலாம். பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதில் செருகும் 4×5.65 கண்ணாடி மலிவில்லை. பேர்பெற்ற நிறுவனத்தின் நல்ல என்டி ஒன்றை அந்த அளவில் வாங்கினாலே உங்கள் பட்ஜெட் ஏறக்குறைய தீர்ந்துவிடும். பிறகு பெட்டிக்கு ஏற்ற விலையில் ஏதோ ஒரு கண்ணாடியைத் தேடுவீர்கள். படத்தில் தெரியப்போவது அந்தக் கண்ணாடிதான்.

முதலில் எவ்வளவு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று பார்ப்போம். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, ஷட்டர் 1/100, அப்பெர்ச்சர் (லென்ஸின் துளை, எண் கூடக் கூடச் சிறிதாகும்) எஃப்/16. பழைய ஸ்டில் கேமராக்காரர்கள் மீட்டர் இல்லாமலே வைத்திருந்த மனக்கணக்கு இது, இன்றும் பொய்க்காது. எஃப்எக்ஸ்30-இல் எஸ்-லாக்3 (பிறகு நிறம் திருத்துவதற்கான பதிவு முறை) எடுக்கும்போது அடிப்படை ஐஎஸ்ஓ 800 (இன்னொன்று 2500, அதை இரவுக்கு வையுங்கள்). அங்கேயே 3 ஸ்டாப் கூடிவிட்டது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி). நொடிக்கு 24 அல்லது 25 ஃபிரேமில் அசைவு இயல்பாகத் தெரிய ஷட்டர் 1/50 வேண்டும், இன்னொரு ஸ்டாப். எஃப்/16 இப்போது எஃப்/64-இல் வந்து நிற்கிறது. அவ்வளவு சின்னத் துளை உங்கள் லென்ஸில் கிடையாது. 18-50-ஐ முழுக்கத் திறந்து எஃப்/2.8-இல் எடுக்க 9 ஸ்டாப் குறைக்க வேண்டும். எஃப்/5.6 போதும் என்றாலும் 7 ஸ்டாப்.

கடைகளில் அதிகம் விற்கும் வேரியபிள் என்டி 2 முதல் 5 ஸ்டாப் வரைதான் குறைக்கும். நண்பரின் யோசனை சறுக்குவது இங்கேதான். அது இரண்டு போலரைசர்களை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடி) ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் திருப்பும் பொருள். அதன் எல்லையைத் தாண்டித் திருப்பினால், அதுவும் 18 எம்எம் அகலத்தில், படத்தின் குறுக்கே கறுப்பாக ஒரு பெருக்கல் குறி விழும். திருப்பத் திருப்ப வானத்தின் நீலமும் முகத்தின் மினுக்கமும் மாறும். இரண்டு ஷாட்டை ஒட்டும்போது எடிட்டர் உங்களைத் திட்டுவார். கல்யாண வீட்டில் உள்ளேயும் வெளியேயும் ஓடி எடுப்பவருக்கு அது வரம். ஷாட் ஷாட்டாக நின்று எடுக்கும் குறும்படத்துக்கு அவசியமில்லை.

நான் சொல்வது இரண்டே இரண்டு நிலையான என்டி: ஒன்று 3 ஸ்டாப், மற்றது 6 ஸ்டாப். தனித்தனியாகப் போட்டால் 3, 6. சேர்த்துப் போட்டால் 9. காலை மாலைக்கு முதலாவது, மேகம் மூடினால் இரண்டாவது, உச்சி வெயிலுக்கு இரண்டும். இடைப்பட்டதை அப்பெர்ச்சரில் ஒரு ஸ்டாப் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்ளலாம். வாங்கும்போது பெயரில் குழம்பாதீர்கள். 3 ஸ்டாப்பை ஒரு நிறுவனம் என்டி 0.9 என்று போடும், இன்னொன்று என்டி8 என்று போடும். 6 ஸ்டாப் என்பது என்டி 1.8 அல்லது என்டி64. என்டி 0.8 என்று நினைத்து என்டி8 வாங்கியவர்களும் உண்டு.

6 ஸ்டாப் கண்ணாடியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண என்டி கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைக் குறைக்கும், அகச்சிவப்பை அந்த அளவுக்குக் குறைக்காது. ஸ்டாப் குறைவான என்டியில் இது தெரியாது. 6, 9 ஸ்டாப் என்று போகும்போது சென்சாருக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் அகச்சிவப்பின் பங்கு கூடி, கறுப்புத் துணி காப்பிப் பொடி நிறத்துக்கு மாறும். தேரியின் சிவப்பு மண்ணில் கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் நிற்கும் ஷாட்டில் எது மண்ணின் பிரதிபலிப்பு, எது ஃபில்டரின் கோளாறு என்று கிரேடிங்கில் (நிறத் திருத்தத்தில்) பிரிக்கவே முடியாது. அதனால் ஐஆர்என்டி (அகச்சிவப்பையும் சேர்த்துக் குறைப்பது) என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள், வாங்கியதும் சோதியுங்கள். கறுப்புப் பருத்திச் சட்டை, கறுப்பு பாலியஸ்டர் சட்டை இரண்டையும் வெயிலில் கொடியில் போட்டு, நடுவில் ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள். ஒயிட் பேலன்ஸை 5600 கெல்வினில் பூட்டி, ஃபில்டர் இல்லாமல் ஷட்டரைக் கூட்டி ஒரு கிளிப், ஃபில்டரோடு ஒரு கிளிப். தாளில் வரும் லேசான பச்சையையோ நீலத்தையோ ஒயிட் பேலன்ஸில் சரிசெய்துவிடலாம். தாள் வெள்ளையாகவே இருந்து பாலியஸ்டர் மட்டும் பழுப்பானால் ஃபில்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கண்ணாடி தட்டையாக இருக்கிறதா என்பது அடுத்த சோதனை. 56 எம்எம்மில் செய்தித்தாளின் பொடி எழுத்தை ஃபோகஸ் செய்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபில்டர் போட்டதும் எழுத்து மழுங்கினால் அதுவும் கடைக்கே.

அளவு விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். இரண்டு சிக்மாவுக்கும் முன்வளையம் 55 எம்எம். அந்த நிக்கான் பெரும்பாலும் 52 ஆக இருக்கும், மூடியின் உட்பக்கம் பாருங்கள். அதற்காக 55-இல் ஃபில்டர் வாங்காதீர்கள். 82 எம்எம் வட்ட ஃபில்டர் வாங்கி, 55-82, 52-82 ஸ்டெப்-அப் ரிங் (சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்டும் வளையம்) போடுங்கள். நாளைக்கு ஃபுல் ஃபிரேம் கேமராவும் 24-70 லென்ஸும் வாடகைக்கு எடுத்தால் அதே கண்ணாடி அதில் உட்காரும். பித்தளை ரிங் கிடைத்தால் அதை எடுங்கள், அலுமினியம் வெயிலில் சீக்கிரம் இறுகிக்கொள்ளும்.

காந்தத்தில் ஒட்டும் ஃபில்டர்கள் இப்போது பிரபலம். மாற்றுவது நொடி வேலை, நானே பலருக்குச் சிபாரிசு செய்கிறேன். உங்களுக்குச் செய்ய மாட்டேன். தேரி மணலில் இல்மனைட் போன்ற இரும்பு கலந்த கருமணல் இருக்கிறது. காந்த வளையத்தில் அது மீசை மாதிரி ஒட்டினால், இரண்டு வளையத்துக்கும் நடுவே மாட்டி அரைக்கும். நீங்கள் மரையில் திருகுவதையே வாங்குங்கள்.

வெயிலை மறைக்க அவுட்டோர் யூனிட்டுகளில் லைட்மேன் செய்வதையே செய்யுங்கள்: ஒரு கட்டர். கறுப்புத் துணி சுற்றிய அட்டை போதும், கறுப்பு சார்ட் பேப்பரை சன்போர்டில் ஒட்டினாலும் சரி. எங்கே பிடிப்பது என்பதை மானிட்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லென்ஸுக்கு எதிரே போய் நின்று முன்கண்ணாடியைப் பாருங்கள். வெயில் அதில் பளிச்சென்று ஓர் ஓரத்தில் பட்டுக்கொண்டிருக்கும். கட்டரின் நிழல் அந்த ஓரத்தை மூடும்வரை நகர்த்தச் சொல்லுங்கள். அதன்பிறகு ஃபிரேமுக்குள் கட்டர் எட்டிப் பார்க்கிறதா என்று மானிட்டரில் பாருங்கள். கிளிப்-ஆன் மேட் பாக்ஸின் மேல்தகடு மறைப்பதைவிட இது நன்றாக மறைக்கும். ஆனால் காற்றில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டும், தேரியில் காற்றுக்குக் குறைவில்லை.

மிச்சப் பணத்தில் சர்க்குலர் போலரைசர் ஒன்று, 1/8 பிளாக் மிஸ்ட் (விளக்கைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தரும் ஃபில்டர், 1/8 அதன் வீரியம்) ஒன்று. போலரைசர் செய்வதை எந்த சாஃப்ட்வேரும் செய்யாது: பனையோலையின் வெள்ளை மினுக்கம் அடங்கி நிஜப் பச்சை வரும், கார் கண்ணாடிக்குள் இருக்கும் முகம் தெரியும். அது ஒன்றரை முதல் 2 ஸ்டாப் வரை தின்னும், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாக் மிஸ்ட் சாயங்காலத்துக்கும் இரவுக்கும். மதிய வெயில் அதன்மேல் நேராகப் பட்டால் படமே பால் ஊற்றியது போலாகிவிடும். எடுத்த பிறகு அதை நீக்கவும் முடியாது. 1/4, 1/2 எல்லாம் இப்போது வேண்டாம், 56 எம்எம்மில் 1/8-உம் கூடுதலாகவே தெரியும்.

அப்படியென்றால் மேட் பாக்ஸ் வீணா? இல்லை. வானத்தை மட்டும் அடக்கும் கிராஜுவேட்டட் என்டி போட வேண்டும் என்றால், இருளும் தெளிவும் பிரியும் கோட்டை மேலும் கீழும் நகர்த்த அது வேண்டும். இரவில் வண்டி ஹெட்லைட் எதிரே வரும்போது ஃபில்டரில் பட்டுத் திரும்பி இன்னொரு போலி விளக்கு ஃபிரேமில் மிதக்கும். ஃபில்டரைச் சற்றே சாய்த்தால் அது வெளியே போய்விடும். சாய்க்கும் வசதி நல்ல மேட் பாக்ஸில்தான் உண்டு, திருகும் ஃபில்டரில் கிடையாது. அப்படி ஒரு காட்சி இருந்தால் அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஃபில்டரோடு சேர்த்தே கிடைக்கும். கேமரா 'பெரிசாக'த் தெரிய வேண்டும் என்பதற்காக வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். விளம்பர கிளையன்ட் முன்னால் அது பலிக்கிறது என்பதை மறுக்க மாட்டேன்.

என்றாவது வாங்கினால், ஸ்மால்ரிக், டில்டா, நம் நாட்டு ப்ரோஎய்ம் எதுவானாலும் ஃபில்டர் டிரேயின் அளவை முதலில் கேளுங்கள். சில மலிவு மாடல்களில் டிரேயே வராது, வெறும் நிழல்குடைதான். ஸ்டில் கேமராவுக்கு விற்கும் 100 எம்எம் சதுர ஃபில்டரை 4×4 டிரேயில் போட்டால் ஆடும். 4 அங்குலம் என்பது 101.6 எம்எம், சினிமா ஃபில்டரின் தடிமன் 4 எம்எம், ஸ்டில் ஃபில்டரோ 2 எம்எம். உங்கள் 18-50 சூம் செய்யும்போது முன்குழல் வெளியே நீளும். அதன் நுனியில் பெட்டியின் எடையைத் தொங்கவிடாமல் கேமராவுக்கு அடியில் பொருத்தும் 15 எம்எம் ராடில் (குழாயில்) நிற்கும் வகையைப் பாருங்கள்.

தேரிக்குப் போகும்போது காற்றடித்துத் தூசி தட்டும் புளோயர் ஒன்று பையில் இருக்கட்டும். மணல் பட்ட கண்ணாடியைத் துணியால் தொடவே கூடாது. முதலில் புளோயர், பிறகு மெல்லிய பிரஷ், கடைசியில்தான் துணி. வெயிலில் இரண்டு ஃபில்டரும் ஒன்றோடொன்று இறுகிக்கொண்டால் விரலால் பிடித்து முறுக்காதீர்கள். அழுத்த அழுத்த வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். ரப்பர் செருப்பொன்றைத் துடைத்துவிட்டு, அதன் அடிப்பாகத்தை வளையத்தின் விளிம்பு முழுக்கப் படும்படி மட்டமாக வைத்து, லேசாக அழுத்தித் திருப்புங்கள், கழன்று வரும்.