புது பேபி கேரியர், குழந்தை கத்துகிறாள்: திருப்பிக் கொடுத்துவிடலாமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “என் மகளுக்கு நாலரை மாதம், எடை 6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். குழந்தையை மார்போடு சேர்த்துத் தூக்கும், இடுப்பில் பட்டை வரும் கேரியர் ஒன்று வாங்கினேன். உள்ளே வைத்ததும் விறைத்துக்கொண்டு அழுகிறாள். பத்து நிமிடத்தில் எனக்குத் தோள் வலிக்கிறது. கால் வளைந்துவிடும் என்று மாமியார் வேறு பயப்படுகிறார். திருப்பிக் கொடுக்க ஏழு நாள்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?”

முதலில் மாமியாரின் பயம். நம் வீட்டுப் பெண்கள் குழந்தையை இடுப்பில் வைக்கும்போது அதன் கால்கள் எப்படி இருக்கும் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். அகன்று, முழங்கால் மடங்கி, இடுப்பைக் கவ்வியபடி இருக்கும். கேரியரிலும் அதே நிலைதான் வேண்டும். முழங்கால்கள் புட்டத்தைவிடச் சற்று மேலே இருக்க, துணி ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு மடிப்பு வரை தாங்க வேண்டும். சர்வதேச இடுப்பு டிஸ்பிளேசியா (இடுப்பு மூட்டு சரியாக அமையாத குறை) நிறுவனம் பரிந்துரைப்பதும் இந்த நிலையைத்தான். இதனால் கால் வளையாது. ஒன்று மட்டும்: உங்கள் மகள் பிறப்பதற்கு முன் கால் கீழாக இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகல் இருந்தாலோ, குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை இடுப்பைக் காட்டிவிடுங்கள்.

அடுத்து உங்கள் தோள் வலி. பெரும்பாலும் இடுப்புப் பட்டை கீழே இறங்கியிருக்கும், எடை முழுவதும் தோளில் தொங்கும். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றுங்கள். கை எந்த எலும்பின் மேல் உட்காருகிறதோ, அதற்குச் சற்று மேலே பட்டை வர வேண்டும். சிசேரியன் தழும்பில் அழுத்தினால் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கட்டலாம். முதுகுப்பக்கம் தோள் வார்களை இணைக்கும் குறுக்குப் பக்கிள் கழுத்தடியில் இல்லாமல் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வர வேண்டும்.

இதையெல்லாம் குழந்தையை வைத்துக்கொண்டு பழகாதீர்கள். 5 கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்துக் கண்ணாடி முன் நின்று இரண்டு மூன்று தடவை மாட்டிக் கழற்றுங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அரிசி அழாது, உங்களுக்கும் பதற்றம் இருக்காது.

இப்போது அழுகை. பால் குடித்து அரை மணி நேரம் கழித்து, தூக்கக் கலக்கம் வராத வேளையாகப் பாருங்கள். மின்விசிறி ஓடட்டும். கேரியரே ஒரு சட்டை மாதிரிதான், அதனால் அவளுக்கு மெல்லிய பருத்தி உடை ஒன்று போதும். மார்போடு அணைத்து உட்கார வைத்து, தொடைகளுக்கு அடியில் கை கொடுத்து முழங்கால்களை மெல்ல மேலே ஏற்றுங்கள். பிறகு வார்களை இழுத்து இறுக்குங்கள். இந்த இடத்தில்தான் பலர் பாவம் பார்த்துத் தளர்வாக விட்டுவிடுகிறார்கள். பிடிமானம் இல்லாவிட்டால் குழந்தை விறைத்து எக்கும். ஒரு கையால் அவளைத் தாங்கியபடி லேசாக முன்னால் குனியுங்கள். அவள் மார்பு உங்கள் மார்பை விட்டு விலகினால் இன்னும் இறுக்க வேண்டும்.

மாட்டியதும் அங்கேயே நின்று வார்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்காமல் நடங்கள். 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், உட்கார்ந்து வைத்திருந்ததைவிட அம்மா தூக்கிக்கொண்டு நடந்தபோது ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் அழுகை குறைந்தது, இதயத் துடிப்பும் தணிந்தது. நம் பாட்டிகளுக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும். கூடத்துக்கும் சமையலறைக்கும் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, அழுவதற்கு முன்பே இறக்கிவிடுங்கள். மறுநாள் பத்து நிமிடம்.

எதில் விட்டுக்கொடுத்தாலும் மூச்சு விஷயத்தில் கூடாது. தலையைக் குனிந்தால் அவள் உச்சியில் முத்தமிட முடிய வேண்டும். முகம் எப்போதும் கண்ணில் படட்டும், துப்பட்டா போட்டு மூடாதீர்கள். தாடைக்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். தாடை மார்பில் கவிழ்ந்தால் மூச்சுப்பாதை அடைபடலாம். வெளிப்பக்கம் பார்த்தபடி வைப்பதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். தலை நன்றாக நின்ற பிறகு, விழித்திருக்கும்போது மட்டும், கொஞ்ச நேரம் வைக்கலாம்.

கேரியரோடு அடுப்படியில் நிற்க வேண்டாம். ஸ்கூட்டரும் வேண்டாம். இருசக்கர வண்டியில் சிறு குழந்தைகளுக்கு ஹார்னஸும் (ஓட்டுபவரோடு குழந்தையைப் பிணைக்கும் வார்), 9 மாதம் முதல் 4 வயது வரை ஹெல்மெட்டும் வேண்டும் என்பது 2023 முதல் நடைமுறையில் உள்ள விதி. கேரியர் அந்த ஹார்னஸ் ஆகாது. உங்கள் மகளுக்கு ஹெல்மெட் போடும் வயதே வரவில்லை.

சரி, வைத்துக்கொள்வதா, திருப்புவதா? முடிவெடுக்கும் வரை துவைக்காதீர்கள், லேபிளை வெட்டாதீர்கள், வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். ஐந்தாம் நாள் பாருங்கள். பட்டை சரியான இடத்தில் இருந்தும் உங்கள் தோள் வலித்தாலோ, துணி அவள் முழங்கால் மடிப்பு வரை எட்டாவிட்டாலோ திருப்பிவிடுங்கள். முதல் இரண்டு நாள் அழுதாள் என்பதற்காக மட்டும் வேண்டாம். அப்புறம், உங்கள் கணவரும் ஒருநாள் மாட்டிப் பார்க்கட்டும். வார்கள் அவர் உடம்புக்கு எட்டுமா என்பதும் அந்த ஏழு நாளுக்குள் தெரிய வேண்டிய விஷயம்தான்.