சைலன்சர் நட்டு ஏன் கழன்றுகொண்டே இருக்கிறது?

கேள்வி: ஐயா, வாய்க்காலில் இருந்து நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்க சின்ன பெட்ரோல் பம்புசெட் வைத்திருக்கிறேன். சைலன்சரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டும் நாலைந்து நாளுக்கு ஒரு தரம் லூஸாகிவிடுகின்றன. ஸ்பிரிங் வாஷர் போட்டேன், கடையில் கொடுத்த நீல நிறப் பசை தடவினேன், உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டும் போட்டுப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: நட்டை விடுங்கள், முதலில் சைலன்சரின் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். அதை இஞ்சினோடு சேர்த்துப் பிடிக்கும் தகட்டுப் பட்டை இருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா? என் பட்டறைக்கு இதே தொல்லையோடு ஒரு பம்புசெட் மூன்று முறை வந்தது. முதல் இரண்டு முறை நட்டைத்தான் முடுக்கி அனுப்பினேன். அதிலும் இரண்டாவது தடவை பலம் போட்டு முடுக்கியதில் இஞ்சினின் அலுமினிய ஹெட்டில் மரையே உரிந்துவிட்டது. மூன்றாவது தடவைதான் அந்தப் பட்டை உடைந்திருந்தது கண்ணில் பட்டது. சைலன்சரின் முழுப் பாரமும் இரண்டு ஸ்டட்டில், அதாவது நட்டு ஏறும் மரைக்கம்பியில், தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அந்த மனிதருக்கு மூன்று நடை அலைச்சல். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

நட்டைப் பிடித்து நிறுத்துவது வாஷர் இல்லை. முடுக்கும்போது ஸ்டட் மயிரிழை அளவு நீள்கிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்புதான் பிடி. பிடித்த பாகங்கள் பக்கவாட்டில் நழுவத் தொடங்கினால் நட்டு தானாகவே திரும்பிக் கழலும். கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969-இல் இதைச் சோதனை செய்தே காட்டினார். ஸ்பிரிங் வாஷரோ, நன்றாக முடுக்கியதும் தட்டையாகி வெறும் வாஷராகிவிடும். நைலான் வளையம் சுமார் 120 டிகிரி வரைதான் தாங்கும், மரையில் தடவும் சாதாரணப் பசை 150 டிகிரி வரை. சைலன்சர் வாயின் சூடு அதற்கெல்லாம் மேலே. எனவே உங்கள் கைவேலையில் குறையில்லை, போட்ட சாமான்தான் அந்த இடத்துக்கு ஆகாதது.

சரி, பட்டையைச் சரிசெய்த பிறகு சைலன்சரைக் கழற்றுங்கள். இரண்டு முகத்துக்கும் நடுவில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கட் கருகியிருக்கும், அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, சைலன்சரின் முகத்தைக் கண்ணாடிப் பலகை மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. கண்ணாடி மேல் எமரித் தாளை விரித்துத் தேய்த்துச் சமன் செய்யலாம். புது கேஸ்கட் போட்டு, முழுக்க இரும்பாலான லாக் நட்டு வாங்கி மாட்டுங்கள். அதன் தலை லேசாக நசுங்கியிருக்கும், பாதி வழிக்கு மேல் கையால் திருக முடியாது. 8 மில்லி ஸ்டட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் போதும். அரை அடி ஸ்பேனரின் நுனியில் 15 கிலோ தொங்கினால் என்ன விசையோ, கிட்டத்தட்ட அவ்வளவு. இஞ்சினோடு வந்த புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. பத்து நிமிடம் ஓடவிட்டு, நன்றாக ஆறிய பிறகு இன்னொரு முறை முடுக்குங்கள். புது கேஸ்கட் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும்.

அப்புறம், நட்டின் மேலும் ஸ்டட்டின் மேலும் சேர்த்து வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கோடு விலகியிருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது, ஆட்டம் இன்னும் எங்கோ இருக்கிறது. கோடு நேராக இருந்தும் புகை கசிந்தால் நட்டு திரும்பவே இல்லை, கேஸ்கட் அமுங்கியிருக்கிறது அல்லது மரை இழுத்துக்கொண்டு வருகிறது. மரை போயிருந்தால் லேத் பட்டறையில் கம்பிச்சுருள் மரை வைத்துத் தருவார்கள்.

கேள்வி: புல் வெட்டும் மெஷினின் பிளேடு நட்டைக் கழற்றவே முடியவில்லை. ஸ்பேனர் வழுக்குகிறது.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பெரும்பாலான மெஷின்களில் அது இடது மரை, கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால்தான் கழலும். வெட்டும்போது பிளேடு சுழலும் வேகமே நட்டை இறுக்கும்படி அப்படி வைத்திருக்கிறார்கள். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, கியர் பெட்டியின் பக்கத்துத் துளையில் கம்பியைச் செருகி அச்சைப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். இங்கே சூடு இல்லை, நைலான் நட்டு தாராளமாக வேலை செய்யும். ஆனால் விரலாலேயே முழுக்கத் திருக வந்துவிட்டால் அந்த நட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். அது கால் பக்கத்தில் சுழலும் பிளேடு, அம்மா.