அலெக்சேய் ரிப்னிகோவ்: கேள்வி பதில்

ஒரு வேண்டுகோளோடு தொடங்குகிறேன். எந்தப் பதிவைக் கேட்டுவிட்டு எழுதுகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரஷ்ய இசையமைப்பாளர் ரிப்னிகோவின் ராக் ஓபெரா ‘யுனோனாவும் அவோசும்’ என்றால், மெலோதியா நிறுவனத்தின் 1982 இசைத்தட்டு வேறு, மாஸ்கோவின் லென்கோம் அரங்கின் மேடை நாடகம் வேறு. பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

கே: ரிப்னிகோவ் முறையாக இசை படித்தவரா?

மாஸ்கோ கன்சர்வேட்டரியில் அராம் கச்சதூரியனிடம் இசையமைப்பு படித்து 1967இல் பட்டம் பெற்றார். 1969 முதல் 1975 வரை அங்கேயே கற்பித்தார். சிம்ஃபொனிகளும் எழுதியவர்.

கே: எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

1975இல் வந்த ‘புரத்தீனோவின் சாகசங்கள்’ படப் பாடல்களிலிருந்து. குழந்தைகளுக்கானவை என்று தள்ளிவிட வேண்டாம், மெட்டு கட்டுவதில் அவருடைய பலம் முழுக்க அதில் தெரியும். அடுத்து ‘ஹொவாக்கின் முரியேத்தா’. பாப்லோ நெருடாவின் நாடகத்தை வைத்து பாவெல் குருஷ்கோ பாடல் வரிகள் எழுதியது. 1976இல் லென்கோமில் மேடையேறியது. இசைத்தட்டில் வாசித்தது ‘அராக்ஸ்’ ராக் குழு. அதையும் கேட்டபின் ‘யுனோனா’வுக்கு வாருங்கள். அதன் தொடக்கத்தில் ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டுப் பாடலும் மின்கிதாரும் அடுத்தடுத்து வரும். முந்தையவற்றைக் கேட்டவர்களுக்கு அந்தத் தாவல் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

கே: ‘யுனோனா’ இசைத்தட்டில் நாயகன் ரெசானோவாகக் கராச்சென்ட்சோவ் பாடுவது அற்புதம். அவர் பயிற்சி பெற்ற பாடகரா?

நீங்கள் கேட்டது கராச்சென்ட்சோவ் அல்ல. இசைத்தட்டில் ரெசானோவ் கென்னாதி த்ரோஃபீமோவ், நாயகி கொஞ்சித்தா ஆன்னா ரிப்னிகோவா. 1981 ஜூலை 9 அன்று லென்கோமில் அரங்கேறியபோதுதான் நிக்கலாய் கராச்சென்ட்சோவும் எலேனா ஷானினாவும் அந்த வேடங்களில் வந்தார்கள். காரணம் எளிது: ஒலிப்பதிவு மேடைக்கு முன்பே உருவானது. பாடுவதற்குப் பாடகர்கள், மேடைக்கு நாடக நடிகர்கள். கராச்சென்ட்சோவின் கரகரத்த குரல் வேண்டுமென்றால் 1983 தொலைக்காட்சிப் பதிவைப் பாருங்கள். இணையத்தில் இசைத்தட்டின் ஒலிக்கு மேடைப் படங்களை ஒட்டிப் போடுகிறார்கள். குரலைக் கேளுங்கள், படத்தை நம்பாதீர்கள்.

கே: கதை உண்மையா?

எலும்புக்கூடு உண்மை. 1806இல் அலாஸ்காவின் சிட்காவில் இருந்த ரஷ்யக் குடியேற்றம் பட்டினியில் வாடியது. உணவு தேடி ரெசானோவ் சான் பிரான்சிஸ்கோ போனார். அங்கே கோட்டைத் தளபதியின் மகள், 15 வயது கொஞ்சித்தாவை மணக்க நிச்சயம் செய்துகொண்டார். அவர் மனைவியை இழந்தவர், நாற்பது வயதைக் கடந்தவர். மதம் வேறு என்பதால் அனுமதி வாங்க ஊர் திரும்பினார்; வழியில் 1807இல் கிராஸ்னயார்ஸ்கில் இறந்தார். கொஞ்சித்தா 1851இல் கன்னியாஸ்திரீ ஆனார், 1857இல் மறைந்தார்.

கலிபோர்னியாவுக்குப் போன கப்பல் யுனோனா மட்டுமே. அவோஸ் பின்னர் சிட்காவில் கட்டி முடிக்கப்பட்ட கப்பல். மேடையில் ஃபெர்னாண்டோ என்று வரும் போட்டிக் காதலன், வரிகளை எழுதிய கவிஞர் அந்திரேய் வஸ்னெசேன்ஸ்கியின் கற்பனை. வரலாற்றுக் கட்டுரைக்கு இந்த நாடகத்தை மேற்கோள் காட்டாதீர்கள்.

கே: ரெசானோவ் பாடும் இசைத்தட்டு கராச்சென்ட்சோவ் குரல்தானே?

இல்லை. மேலே பாருங்கள்.

கே: மைக் பிடித்துப் பாடுவது மியூசிக்கல். ‘யுனோனா’வை ஓபெரா என்பது, ரஷ்ய ஓபெராக்களை எழுதிய முசோர்க்ஸ்கிக்கு அவமரியாதை.

மைக்கை வைத்து வகை பிரிக்க முடியாது. மியூசிக்கலில் வழக்கமாகக் கதையைப் பேச்சு நகர்த்தும். பாட்டு வந்தால் கதை பெரும்பாலும் நின்று உணர்ச்சியை விரிக்கும். ‘யுனோனா’ இசைத்தட்டிலோ முன்னுரைப் பாடல் முதல் முடிவு வரை இசையே கதையைச் சுமக்கிறது. படைத்தவர்கள் கொடுத்த பெயரும் ‘நவீன ஓபெரா’தான். ‘ராக்’ என்ற சொல் சோவியத் அதிகாரிகளுக்கு ஆகாத காலம் அது. 1975இல் லெனின்கிராடில் அரங்கேறிய அலெக்சாந்தர் ஷூர்பினின் ‘ஓர்ஃபேயும் எவ்ரிதிக்காவும்’கூட ‘ஸோங் ஓபெரா’ (பாட்டு ஓபெரா) என்றே வந்தது. சோவியத்தின் முதல் ராக் ஓபெரா எது என்று கேட்ட மூன்று பேருக்கும் விடை அதுவே. ‘முரியேத்தா’ அடுத்த ஆண்டு.

கே: (அதே வாசகர்) லென்கோமில் நடிகர்கள் பேசுகிறார்களே?

பேசுகிறார்கள். லென்கோம் நாடக அரங்கு; இயக்குநர் மார்க் ஸகாரவ் நாடகக்காரர். அந்த மேடை வடிவத்தை இசை நாடகம் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதை வைத்து இசையமைப்பாளர் எழுதியதை எடைபோடக் கூடாது. 2009இல் பிரான்சில் ஆடை வடிவமைப்பாளர் பியர் கார்டன் நடத்திய லாகோஸ்ட் விழாவுக்கு ரிப்னிகோவ் தன் அரங்கின் மூலம் இசையை முன்னிறுத்தும் வடிவம் ஒன்றைத் தந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள், தொடர்ந்து பேசலாம்.

கே: ‘அன்னப் பறவை ஏரி’ எந்த ஆண்டு?

1877. பாலே கேள்விகளை இங்கே அனுப்ப வேண்டாம்.

கே: கல்லூரியில் ‘யுனோனா’வின் ஒரு பகுதியை மேடையேற்றலாமா?

பொதுமக்கள் பார்க்கும் நிகழ்ச்சி என்றால் இசைக்கும் வரிகளுக்கும் தனித்தனியே அனுமதி வேண்டும். வஸ்னெசேன்ஸ்கி இறந்தது 2010இல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. ஆகவே வரிகளுக்கு 2070 முடியும் வரை. தமிழில் பெயர்த்தாலும் விதிவிலக்கு கிடையாது, மொழிபெயர்ப்பு உரிமையும் அதில் அடக்கம். ‘முரியேத்தா’ என்றால் நெருடா தரப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இசைத்தட்டை ஓடவிட்டு வாயசைப்பதானால் அந்தப் பதிவின் உரிமையாளரையும் கேட்க வேண்டும். வாயசைக்காமல், நான்கைந்து பேர் கொண்ட ராக் குழுவையும் சேர்ந்திசைக் குழுவையும் வைத்துப் பாடுங்கள். முன்னுரையின் வழிபாட்டுப் பகுதிக்குத்தான் ஒத்திகை அதிகம் தேவைப்படும். சுருதி இறங்கினால் அடுத்து கிதார் நுழையும்போது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.